நிலத்தைப் பார்த்துப் பந்தை வாங்குவோம்

காலையில் பெட்டியைத் திறந்து எடுத்த புதுக் கிரிக்கெட் பந்து அது. நாலு துண்டுத் தோல், பளபளவென்ற சிவப்பு மினுக்கம், நடுவில் ஆறு வரி வெள்ளைத் தையல். பதினோராவது ஓவர் முடிந்ததும் நடுவர் அதை எல்லைக்கோட்டில் நின்ற என்னிடம் தந்து, "இதை இனியும் பாவிக்கலாமா என்று நீங்களே பாருங்கள், அண்ணா" என்றார். உள்ளங்கையில் வைத்துத் திருப்பினேன். ஒரு பக்கத் தோல் பூனை பிறாண்டியதுபோலக் கீறுப்பட்டிருந்தது. மினுக்கம் இருந்த இடமெல்லாம் செம்மண் ஏறியிருந்தது. தையலின் வெளிவரியில் நூல் அறுந்து, மூன்று இடங்களில் அரிசிமணி நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. பெருவிரலால் அழுத்தினால் ஓரிடத்தில் தோல் உள்ளே போய் வந்தது. டெஸ்ட் போட்டிகளில் 80 ஓவர் வீசிய பிறகுதான் அடுத்த புதுப்பந்தைக் கேட்க முடியும். அந்த வகைப் பந்து, கிரவல் என்று நாங்கள் சொல்லும் சரளைக்கல் பரப்பிய எங்கள் மைதானத்தில் 11 ஓவரில் முடிந்துவிட்டது.

பந்தைச் செய்தவர்களில் குறையில்லை. புல்லில் உருள்வதற்கென்று செய்த பந்தை நான் கிரவலில் உருளவிட்டேன். கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்துக் கழகத்தில் பந்து, விக்கெட், துடுப்பு வாங்கும் பொறுப்பு பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. வருடத் தொடக்கத்தில் கையில் கிடைப்பது சிறிய தொகை. அதில் எந்தப் பந்தை எத்தனை வாங்குவது என்ற முடிவில் பிழை விட்டால், ஆவணி மாதம் வரும்போது பையன்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். வன்னியின் மற்றக் கழகங்களும் பாடசாலைகளும் இதே முடிவை எடுக்கத்தான் வேண்டும் என்பதால், கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

கடைக்குப் போகுமுன் மைதானத்துக்குப் போங்கள். ஆடுகளம் 22 யார் நீளம், அதாவது 20.12 மீற்றர். அகலம் 3.05 மீற்றர். பந்து வாங்கும்போது எல்லோரும் இந்தத் துண்டைத்தான் மனத்தில் வைத்திருக்கிறோம். பந்து தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது அதற்கு வெளியே. ஒவ்வொரு அடிக்கும் அது மைதானத்தின் மேல் ஐம்பது, அறுபது யார் தேய்ந்துகொண்டு போகிறது. களத்தடுப்பாளர் அதைத் தரையில் ஒருமுறை குத்தவைத்துத்தான் திருப்பி எறிகிறார். ஆகவே பந்தைத் தின்பது வெளிமைதானம். எங்கள் ஆடுகளத்தில் தென்னந்தும்பால் நெய்த தும்பு விரிப்புப் போட்டிருந்தும் அந்தப் பந்து 11 ஓவரில் போனதற்குக் காரணம் இதுதான். இதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு பருவங்கள் பிடித்தன.

மைதானத்தை அறிய ஒரு பழைய பந்து போதும். தலை உயரத்திலிருந்து அதைக் கைவிட்டு, எவ்வளவு துள்ளுகிறது என்று பாருங்கள். முழங்காலுக்கு மேலே வந்தால் நிலம் கெட்டி. கணுக்காலோடு நின்றால் நிலம் இளக்கம். பிறகு அதே பந்தைப் புறங்கையால் பத்து யார் உருட்டிவிட்டு எடுத்து, தோலில் புதிதாக விழுந்த கீறல்களைப் பாருங்கள். முதலாவது சோதனை துள்ளலைச் சொல்லும், இரண்டாவது தேய்மானத்தைச் சொல்லும். துள்ளல் கூடிய நிலத்துக்குத் துள்ளல் குறைந்த பந்து, துள்ளாத நிலத்துக்குப் புதிய, உயிருள்ள பந்து. கீறும் மைதானத்துக்கு இறப்பர், கீறாத மைதானத்துக்குத் தோல். நான் இன்று பந்து வாங்குவது இந்தக் கணக்கில்தான்.

வன்னியில் பெரும்பாலான மைதானங்கள் செம்மண்ணின் மேல் கிரவல் பரப்பியவை. மாரியில் தண்ணீர் நிற்காமல் இருக்கவும், கூட்டங்களுக்கு வாகனங்கள் ஏறி இறங்கவும் கிரவல் போட்டு உருளையால் அழுத்திவிடுகிறார்கள். இரண்டு கோடை போனால் மேல்மண் காற்றோடு பறந்து, கற்கள் மட்டும் தலை நீட்டுகின்றன. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை இந்தத் தரை அரத்தாள் மாதிரி. இந்த மைதானத்தில், ஆடுகளத்தில் விரிப்பும் இல்லையென்றால், தோல் பந்தை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காசு வீணாவது ஒரு பக்கம். கல்லில் பட்ட தோல் பந்து எந்தப் பக்கம் எழும் என்று வீசியவனுக்கே தெரியாது. தலைக்கவசம் இல்லாத பையனின் முகத்துக்கு நேரே 160 கிராம் கெட்டிப் பொருள் வருவதை நான் பார்த்திருக்கிறேன். அன்று ஒரு பல்லோடு போனது. அதற்குப் பிறகு நான் இதில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்படியானால் கிரவலுக்கு மென்பந்துதான். ஆனால் மென்பந்து என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு பந்துகள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே தெரிவு செய்வதுதான் எங்கள் ஊர்களில் உண்மையான கேள்வி.

முதலாவது, சாதாரண ரெனிஸ் பந்து. ரெனிஸ் விதிப்படி அதன் நிறை 56 முதல் 59.4 கிராம் வரை. 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து கொங்கிறீற்றில் விழவிட்டால் 135 முதல் 147 சென்ரிமீற்றர் வரை எழவேண்டும். இதிலும் இரண்டு வகை. ஒன்று உள்ளே காற்றழுத்தம் ஏற்றி, காற்றுப் புகாத குவளையில் அடைத்து வருவது. குவளையைத் திறந்த நாளிலிருந்து அழுத்தம் கசியத் தொடங்கும். சில வாரங்களில் பந்து சோர்ந்துவிடும். மற்றது அழுத்தம் ஏற்றாதது. இறப்பர் சுவரின் தடிப்பினாலேயே துள்ளுவதால் நெடுநாள் ஒரே மாதிரி இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கி அலுமாரியில் வைக்கும் கழகங்களுக்கு இரண்டாவது வகைதான் சரி. குவளைப் பந்தைத் தையில் வாங்கித் திறந்து வைத்து, ஆனியில் சுற்றுப்போட்டிக்கு எடுத்தால் அது துணிமூட்டை மாதிரி விழும்.

சாதாரண ரெனிஸ் பந்தின் பலவீனம் காற்று. 58 கிராம் பந்தின் மேல் உரோமத் துணி வேறு இருக்கிறது. அந்த உரோமம் காற்றைப் பிடித்து வேகத்தைக் குறைக்கிறது. பரந்தன் பக்கத்து வெட்டைகளில் ஆடி மாதப் பின்னேரம் சோளகத்துக்கு எதிராகப் பந்து வீசியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலடியில் விழும் யோர்க்கராகப் போட்டது பாதி வழியிலேயே விழும். காற்றோடு அடித்த பந்து கையளவு மேலே எழும்பினாலே எல்லை தாண்டும். ஒரு முனையிலிருந்து மட்டும் ஓட்டம் எடுக்கும் ஆட்டமாகிவிடுகிறது. உரோமம் கிரவலில் தேய்ந்து வழுக்கையானதும் அதே பந்து வேகம் பிடிக்கிறது. இதனால் இன்னிங்ஸின் முதல் நாலு ஓவரும் கடைசி நாலு ஓவரும் இரு வேறு விளையாட்டுகளாகின்றன. சுற்றுப்போட்டி நடத்துபவர்கள் ஒவ்வோர் இன்னிங்ஸுக்கும் புதுப்பந்து கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே. முதல் அணி வழுக்கையாக்கிய பந்தை இரண்டாவது அணியிடம் கொடுப்பது நியாயமில்லை.

இரண்டாவது, கிரிக்கெட்டுக்கென்றே செய்யும் கனத்த ரெனிஸ் பந்து. தோற்றம் அதேதான். இறப்பர் தடிப்பு, கையில் எடுத்த உடனேயே வித்தியாசம் தெரியும். காற்று இதை இலகுவில் அசைக்காது. துடுப்பில் பட்டால் சத்தம் நன்றாக வரும். எனக்குக் கோடைக்கால மைதானத்துக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். வெறுங்கையால் பிடிக்கும் சிறுவர்களுக்கு இது விரல் மடக்கும் பந்து. பதின்மூன்று வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம். மென்பந்துக்கென்று செய்த இலேசான துடுப்புகளை இது ஒரே பருவத்தில் வெடிக்கவைக்கும். துடுப்பின் விலையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால்தான் இது மலிவா இல்லையா என்று தெரியும்.

மூன்றாவது, ரேப் சுற்றிய பந்து. கராச்சித் தெருக்களில் பிறந்த வழக்கம் இது. மின்கம்பிக்குச் சுற்றும் ரேப்பை ரெனிஸ் பந்தின் மேல் இறுக்கமாகச் சுற்றுவார்கள். உரோமம் மூடப்படுவதால் கிரவல் அதைப் பிய்க்க முடியாது. நிறை சில கிராம் கூடும், பந்து தரையில் பட்டு வழுக்கிக்கொண்டு வரும். பாதிப் பக்கம் மட்டும் சுற்றினால் ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் உரோமம் என்றாகி, காற்று இரு பக்கமும் வேறுவேறாக ஓடுவதால் பந்து வளையும். ஸ்விங் என்றால் என்னவென்று ஒரு பையனுக்குக் காட்டித்தர இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. எங்கள் வெயிலில்தான் சிக்கல். மதியம் இரண்டு மணிக்கு ரேப்பின் பசை இளகிவிடுகிறது. ஓரங்கள் கிளம்பி மண் ஒட்டிக்கொள்கிறது. நாலு ஓவருக்கு ஒருமுறை உரித்துச் சுற்றவேண்டும். பயிற்சிக்கு நல்லது. போட்டிக்கு வைத்தால், யார் எத்தனை சுற்றுச் சுற்றினார்கள் என்ற சண்டையிலேயே பின்னேரம் போய்விடும்.

கெட்டிப் பிளாஸ்ரிக் பந்துகளும் கடைகளில் தொங்குகின்றன. தேயாது, தண்ணீர் குடிக்காது. கொங்கிறீற் ஆடுகளத்தில் தனியே நின்று துடுப்பாட்டம் பழக உதவும். அதற்கு மேல் எனக்கு அதில் ஆர்வமில்லை. தையல் பேருக்குத்தான் இருக்கிறது. விரல் அதில் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

அருவிவெட்டு முடிந்த வயல் வேறு உலகம். மாசி, பங்குனியில் காலபோகச் சூடடித்து முடிந்ததும் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்வெளிகளில் அரிதாளைச் செதுக்கி ஆடுகளம் போடாத சிறுவர்கள் இல்லை. களிமண் காய்ந்து வெடித்திருக்கும். பந்து துள்ளாது. வெடிப்பின் ஓரத்தில் பட்டால் திசை மாறும். இங்கே கனத்த பந்து நிலத்தோடு செத்துவிடும். குவளையிலிருந்து புதிதாக எடுத்த, அழுத்தம் ஏற்றிய ரெனிஸ் பந்துதான் வயலுக்கு ஏற்றது. மொத்தமாக வாங்கி வைக்க வேண்டாம் என்று நான் சொன்ன அதே பந்து இங்கே முதலிடம் பெறுகிறது.

முல்லைத்தீவுக் கரையில் விளையாடுபவர்களுக்கு ஈரம் காய்ந்து இறுகிய மணற்பட்டிதான் ஆடுகளம். உரோமப் பந்து உப்புத்தண்ணீரில் ஊறிக் கனத்துவிடும். வழுவழுப்பான இறப்பர்ப் பந்து போதும். மணலில் பந்து எழாது என்பதால் வீசுபவர் துடுப்பாட்ட வீரரின் காலடிக்கே போடப் பழகுகிறார். லசித் மாலிங்க காலிக்கு அருகே ரத்கமவில் மென்பந்தோடுதான் வளர்ந்தார். கடற்கரைப் பையன்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

இனித் தோல் பந்துக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் அது தும்பு விரிப்போடு பிரிக்க முடியாதது. பாடசாலைகளும் பெரிய கழகங்களும் கொங்கிறீற்றின் மேலோ இறுக்கிய மண்ணின் மேலோ விரிப்பைப் போட்டுக் கடினப்பந்து விளையாடுகின்றன. வெறும் கொங்கிறீற்றில் தோல் பந்தைப் போடுவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது பந்தையும் கெடுக்கும், பையனின் விலாவையும் கெடுக்கும்.

விரிப்புப் போடுவதை ஒருமுறை கிட்ட நின்று பாருங்கள். காலை ஆறு மணிக்கு நாலு பேர் சுருளைத் தோளில் தூக்கி வருகிறார்கள். மண்ணுக்குத் தண்ணீர் தெளித்து உருளை இழுத்த பிறகு சுருளை விரிக்கிறார்கள். ஒரு முனையில் ஆணி அடித்ததும், மறுமுனையில் இரண்டு பேர் குந்தியிருந்து குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுக்கிறார்கள். தும்பு நறநறக்கும். இழுத்த இழுப்பிலேயே மூன்றாமவர் ஆணியை இறக்குகிறார். பிறகு ஒருவர் வெறுங்காலோடு முழுநீளமும் நடந்து, பாதத்துக்குக் கீழே மடிப்பு ஏதும் தட்டுப்படுகிறதா என்று பார்க்கிறார். அந்த நடையை யாரும் தவிர்க்கக் கூடாது. ஒரு விரல் மடிப்பு இருந்தாலே நல்ல அளவில் விழுந்த பந்து தொண்டைக்கு ஏறும்.

இறுக்கிய விரிப்பில் பந்து புற்றரையைவிட உயரமாக எழும், தும்பு தையலைப் பற்றிக்கொள்வதால் கூடுதலாகத் திரும்பும். சுழற்பந்துக்கும், விரலால் வெட்டித் திருப்பும் லெக் கட்டர் என்ற வேகப்பந்துக்கும் இது சொர்க்கம். 1956 ஒக்டோபரில் கராச்சியில் விரிப்பின் மேல் நடந்த டெஸ்டில் பாகிஸ்தானின் பசல் மஹ்மூத் அவுஸ்திரேலியாவின் 13 விக்கெட்டுகளை எடுத்தார். முதல் இன்னிங்ஸில் அவுஸ்திரேலியா 80 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அவர் பெரிய வேகக்காரர் அல்லர். தையலை விரிப்பில் குத்தவைக்கத் தெரிந்தவர். விரிப்புக்குப் பந்து வாங்கும்போது இதை நினைவில் வைத்தால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரியும். தையலுக்குத்தான் கொடுக்கிறோம்.

தோல் பந்தில் இரண்டு துண்டும் நாலு துண்டும் உண்டு. இரண்டும் உள்ளே தக்கையும் அதைச் சுற்றி இறுக்கிய நூலும்தான். இரண்டு துண்டுப் பந்தில் ஒவ்வொரு பாதிக்கும் ஒரே தோல். நாலு துண்டில் ஒவ்வொரு பாதியும் இரண்டு கால் துண்டுகளை உட்புறமாகத் தைத்துச் செய்தது. அந்த உள்தையல் பந்துக்கு உருவம் குலையாத உறுதியைத் தருகிறது. இரண்டு துண்டு மலிவு. கையில் எடுத்தால் கல்மாதிரி இருக்கும். சீக்கிரம் ஒரு பக்கம் சப்பையாகும். கூக்கபுரா நிறுவனப் பந்தின் ஆறு வரிகளில் நடு இரண்டை மட்டும் கையால் தைக்கிறார்கள், மற்றவை இயந்திரத் தையல். டியூக்ஸ், எஸ்ஜி நிறுவனங்களின் பந்துகள் முழுக்கக் கைத்தையல் என்பதால் தையல் கூடுதல் நேரம் எழும்பி நிற்கும். இலங்கையில் டெஸ்ட் போட்டிகள் கூக்கபுராவில்தான் நடக்கின்றன.

எங்கள் நிலைக்கு எது? விரிப்பும் ஓரளவு புல்லுள்ள வெளிமைதானமும் இருந்தால், போட்டிக்கு நாலு துண்டுப் பந்தை வாங்குங்கள். அது கேட்கும் காசுக்கு வேலை செய்யும். விரிப்பு இருந்து வெளிமைதானம் கிரவல் என்றால், நான் முதலில் சொன்ன 11 ஓவர் கதைதான். அப்படியான இடத்தில் பெயர்போன பந்து வாங்குவது தண்ணீரில் போட்ட காசு. நடுத்தர விலையில் தையல் உறுதியான நாலு துண்டுப் பந்துகளை இரண்டிரண்டாக வைத்து, 15 ஓவருக்கு ஒன்று என்று இரு அணிகளும் முன்கூட்டியே பேசி மாற்றிக்கொள்வதே எனக்குச் சரியாகப்படுகிறது. வலைப்பயிற்சிக்கு இரண்டு துண்டுப் பந்து போதும். வலைக்குள் பந்து கிரவலில் உருள்வதில்லை.

மினுக்குவது பற்றியும் ஒரு சொல். ஒரு பக்கத்தை மினுக்கி, மறுபக்கத்தை முரடாக விட்டால்தான் பந்து காற்றில் வளையும். எச்சில் போடுவதை 2020இல் தற்காலிகமாகவும் 2022இல் நிரந்தரமாகவும் தடுத்துவிட்டார்கள். வியர்வை அனுமதி. ஆனால் செம்மண் தூசியில் வியர்வை பட்டால் சேறாகும். முதலில் காய்ந்த துணியால் தூசியைத் தட்டிவிட்டுப் பிறகுதான் தேய்க்க வேண்டும். எங்கள் பையன்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்து, மினுக்க வேண்டிய பக்கத்தைத் தாங்களே அரத்தாளால் தேய்த்த மாதிரி ஆக்கிவிடுகிறார்கள்.

வாங்கும்போது பெட்டியின் பொன்னெழுத்தை நம்பாதீர்கள். ஒரு முறை ஒரு டசின் தோல் பந்துகளை நல்ல விலைக்கு என்று ஒரு கடையில் வாங்கிவந்தோம். இரண்டாவது போட்டியிலேயே ஒன்று தையலோடு வாய் பிளந்தது. சந்தேகப்பட்டு மிச்சத்தைப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒன்று 148 கிராம், இன்னொன்று 171. விதிப்படி ஆண்களுக்கான பந்து 155.9 முதல் 163 கிராமுக்குள் இருக்க வேண்டும். அன்றிலிருந்து தராசு இல்லாமல் நான் பந்து வாங்குவதில்லை. கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடை. கூடவே ஒரு துண்டு நூலும் அளவுகோலும் கொண்டுபோகிறேன். பந்தின் இடுப்பைச் சுற்றிய நூல் 22.4 முதல் 22.9 சென்ரிமீற்றருக்குள் நிற்க வேண்டும். பிறகு கடையின் கண்ணாடி மேசையில் தையல் பக்கவாட்டில் இருக்கும்படி மெல்ல உருட்டிவிடுவேன். தள்ளாடினால் உருவம் பிழை. கடைசியாகப் பெருவிரல் நகத்தைத் தையலின் நூலுக்குக் கீழே செருகப் பார்ப்பேன். நகம் நுழைந்தால் அந்த நூல் கிரவலில் ஓர் ஓவர் கூடத் தாங்காது.

சிறுவர்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் வேறு பந்து இருக்கிறது என்பதை எங்கள் பக்கத்தில் பலர் கவனிப்பதில்லை. பெண்களுக்கு 140 முதல் 151 கிராம். 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம், சுற்றளவும் சிறியது. பதினொரு வயதுப் பையனிடம் பெரியவர்களின் பந்தைக் கொடுத்தால் விரல்கள் தையலைச் சுற்றி எட்டாது. அவன் உள்ளங்கையால் பிடித்து எறியப் பழகுகிறான். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. பணம் குறைவென்றால் பெரியவர்களின் பந்தில் ஒன்றைக் குறைத்தாவது சிறிய பந்து வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

நிறத்தையும் நிலத்தைப் பார்த்தே தெரிவுசெய்ய வேண்டும். சிவப்புப் பந்து பச்சைப் புல்லுக்கு. செம்மண் தரையில், மாலை ஐந்து மணிக்கு, தாழப் பறந்து வரும் சிவப்புப் பந்து களத்தடுப்பாளரின் கண்ணுக்கு ஒரு கணம் மறைந்துவிடுகிறது. வெள்ளைப் பந்து முதலில் அருமையாகத் தெரியும். பத்து ஓவருக்குள் மண்ணேறிப் பழுப்பாகிவிடும். ஆனாலும் மங்கல் வெளிச்சத்தில் வெள்ளைதான் மேல் என்று நினைக்கிறேன், நடுவர் ஓவருக்கு ஒருமுறை துணியால் துடைத்துத் தந்தால். ரெனிஸ் பந்தின் மஞ்சள்பச்சை எங்கள் தரைக்கு மிகப் பொருத்தம், அது நிலத்துக்குள் ஒளிவதில்லை.

மாரிக்கும் பனிக்கும் தனிக் கணக்கு. ஐப்பசியில் மழை தொடங்கினால் கடினப்பந்தை மூட்டை கட்டி வைக்கிறோம். தோல் தண்ணீர் குடித்து ஊதும், தையல் இளகும், நிறை கூடும், கையில் வழுக்கும். நனைந்த பந்தை வெயிலில் காயவைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தோல் வரண்டு வெடிக்கும். துணியால் ஒற்றியெடுத்து, காற்றோடும் நிழலில் இரண்டு நாள் வையுங்கள். அடுப்படிக்குப் பக்கத்திலும் வேண்டாம். தை, மாசியில் மின்னொளியில் நடக்கும் மென்பந்துப் போட்டிகளில் எதிரி பனி. இரவு எட்டு மணிக்குப் பிறகு புல்லெல்லாம் நனைந்திருக்கும். ரெனிஸ் பந்தின் உரோமம் பஞ்சுபோல ஈரத்தை உறிஞ்சும். சுழற்பந்து வீச்சாளரின் விரலில் அது நிற்காது. நாணயச் சுழற்சியில் வென்றால் முதலில் பந்து வீசுங்கள், ஈரப் பந்தை மற்ற அணி பிடிக்கட்டும். நடத்துபவர்கள் ஒரே வயதான மூன்று பந்துகளைச் சுழற்சியில் வைத்து, ஒன்று ஆட்டத்தில் இருக்கும்போது மற்ற இரண்டையும் துவாயில் சுற்றி வைத்தால் இரு அணிக்கும் நியாயம் கிடைக்கும். ரேப் சுற்றிய பந்து வெற்றிபெறும் ஒரே இடம் இந்தப் பனிதான். அது ஈரத்தைக் குடிப்பதில்லை.

புற்றரை எங்களிடம் அரிது என்பதால் அதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஆனால் மாவட்ட அணிக்கோ வெளியூர்ப் போட்டிக்கோ ஒரு பையன் தெரிவானால், அவனுக்கென்று இரண்டு நல்ல நாலு துண்டுப் பந்துகளை ஒதுக்கிக் கொடுங்கள். விரிப்பின் உயரமான துள்ளலுக்குப் பழகியவன் புற்றரையில் பந்து தாழ வருவதைக் கண்டு திணறுவான். தையல் எழும்பிய புதுப்பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கும் வயதில் அது அவனிடம் இருக்க வேண்டும்.

பந்து தொலைவதையும் செலவில் சேருங்கள். எங்கள் மைதானத்தின் மேற்கு ஓரம் பற்றைக்காடு. வெளியூர் அணிகள் வந்தால் நாணயச் சுழற்சிக்கு முன் நான் சொல்லும் முதல் விதி இது: கம்பிக்கு அப்பால் போன பந்துக்கு யாரும் போகக் கூடாது. போரில் புதைத்த மிதிவெடிகளை அகற்றிய இடங்கள் பெருகிவிட்டன. முகமாலைப் பக்கம் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் நின்ற காலம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எங்கள் பற்றைக்குள் எதுவும் இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் அதை ஒரு பையனின் காலை வைத்துச் சோதிக்க மாட்டேன். அந்த எல்லைக்கு மேலாக அடித்தால் ஆறு ஓட்டம் கிடையாது, ஆட்டமிழப்பு என்று விதி வைத்திருக்கிறோம். வருடத்துக்கு ஐந்தாறு பந்துகள் அப்படிப் போகின்றன. போகட்டும்.

இந்த வருடம் எங்கள் பட்டியல் இது. அழுத்தம் ஏற்றாத ரெனிஸ் பந்து 24, கோடைக்குக் கனத்த பந்து 12, வயல் காலத்துக்குக் குவளைப் பந்து இரண்டு குவளை மட்டும், அதுவும் மாசியில்தான் வாங்குவோம். வலைக்கு இரண்டு துண்டுத் தோல் 8, போட்டிக்கு நாலு துண்டு 6, சிறுவர்களுக்கு 133 கிராம் வகையில் 4. வெளிமைதானத்தின் கிழக்குப் பாதியில் பையன்கள் கற்களைப் பொறுக்கிவிட்டு அறுகு நட்டிருக்கிறார்கள். பக்கத்து வளவுக்காரர் பின்னேரம் நீர் இறைக்கும் மோட்டரைத் திருப்பிவிடச் சம்மதித்திருக்கிறார். அது வேர் பிடித்தால் அடுத்த வருடப் பட்டியலில் நாலு துண்டின் எண்ணிக்கை கூடும். பந்து வாங்குவதற்கென்று வைத்திருந்த காசில் ஒரு பகுதியை இம்முறை அறுகம்புல்லுக்கும் உருளைக்கும் கொடுத்தோம். கூட்டத்தில் அதற்கு எதிராகக் கையுயர்த்திய இரண்டு தம்பிமாரும் போன சனிக்கிழமை கற்கள் பொறுக்க வந்திருந்தார்கள்.